பொருள் மாறியதா, கோலம் மாறியதா? இயற்பியல் மாற்றத்தையும் வேதியியல் மாற்றத்தையும் பிரித்தறியும் வழி

கண்ணாடிக் குவளை ஒன்று கீழே விழுந்து நொறுங்குகிறது. அதைப் பழையபடி குவளையாக்க யாராலும் முடியாது. அப்படியானால் அது வேதியியல் மாற்றமா? "திரும்பப் பெற முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதியியல் மாற்றம்" என்று மனப்பாடம் செய்தவர் ஆம் என்றுதான் சொல்லியாக வேண்டும். ஆனால் தரையில் கிடக்கும் ஒவ்வொரு சில்லும் அதே கண்ணாடிதான். கடினமும் அடர்த்தியும் உருகும் விதமும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. உடைந்தது குவளை; கண்ணாடி அல்ல.

இன்னொரு பக்கம் காரில் இருக்கும் ஈய-அமில மின்கலத்தைப் பாருங்கள். மின்சாரம் தரும்போது உள்ளே ஈய சல்பேட்டு உருவாகிறது. மின்னேற்றம் செய்தால் அது மறுபடியும் ஈயமாகவும் ஈய டைஆக்சைடாகவும் மாறுகிறது. இப்படிப் பல நூறு முறை போய்வருகிறது. திரும்புகிறது என்பதற்காக இதை இயற்பியல் மாற்றம் என்று யாரும் சொல்வதில்லை.

நானும் அந்தச் சூத்திரத்தைப் படித்துத் தேர்வு எழுதியவன்தான். அதில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதை மறப்பதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று. இந்தப் பாடத்தை முதன்முதலாகத் தொடுபவர்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்பதற்காக, நான் மாற்றங்களைப் பார்க்கும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்று படித்தவர்களுக்கும் இதே செய்திதான். பெயர் மட்டுமே வேறு.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முன்பு இருந்த பொருளும் இப்போது இருக்கும் பொருளும் ஒரே பொருளா? பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றிலும் இருப்பது இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த அதே மூலக்கூறு. நெருக்கமும் அடுக்கும்தான் வேறு. உறையும்போது நீரின் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதும் அந்த அடுக்கு மாறுவதால்தான். மூலக்கூறே உடைந்து அணுக்கள் வேறு கூட்டணி சேர்ந்தால் அது வேதியியல் மாற்றம்.

கேள்வி எளிது. மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். ஆகவே வெளியே தெரிவதை வைத்து உள்ளே நடப்பதைத் துப்புத் துலக்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை: நிகழ்ச்சியைத் துண்டு போடுவது

"மெழுகுவர்த்தி எரிவது எந்த மாற்றம்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். கேள்வியில் மூன்று நான்கு நிகழ்ச்சிகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிச் சில நிமிடங்கள் எரியவிடுங்கள். சுடரைச் சுற்றிச் சிறு குளம் போல மெழுகு உருகி நிற்கும். அதில் ஒரு சொட்டு வழிந்து ஆறினால் பழைய வெண்மையான மெழுகே கிடைக்கும். இது உருகல், இயற்பியல் மாற்றம். உருகிய மெழுகு திரி வழியாக மேலேறிச் சுடரின் சூட்டில் ஆவியாகிறது. இதுவும் இயற்பியல் மாற்றமே. எரிவது அந்த ஆவிதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்பவைக்கும் சோதனை ஒன்று உண்டு. காற்றோட்டமில்லாத இடத்தில் மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்ணிறப் புகை ஒன்று நூல் போல எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் தொடாமல், அதற்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே அந்தப் புகைநூலில் காட்டுங்கள். நெருப்பு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே தாவித் திரியைப் பற்றவைக்கும். அந்தப் புகை, ஆவியாகிக் குளிர்ந்து நுண்துளிகளான மெழுகு.

இனி எரிதலுக்கு வருவோம். குளிர்ந்த, உலர்ந்த கண்ணாடிக் குவளையைச் சுடருக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தால் உள்பக்கம் பனி படர்ந்ததுபோல மங்கும். அது நீர். மெழுகில் நீர் இருந்ததில்லை. குவளையை நிமிர்த்தித் தெளிந்த சுண்ணாம்பு நீர் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினால் அது பால்போலக் கலங்கும். கார்பன் டைஆக்சைடு இருக்கிறது என்று பொருள். மெழுகும் காற்றிலிருந்த ஆக்சிஜனும் போய், நீரும் கார்பன் டைஆக்சைடும் வந்திருக்கின்றன. இதுதான் வேதியியல் மாற்றம். ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1860-ம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் இளையோருக்காகத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகளும் இந்த ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றியவையே. அதில் அத்தனை சரக்கு இருக்கிறது.

எந்த நிகழ்ச்சியானாலும் இப்படித் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் "என்ன போயிற்று, என்ன வந்தது" என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது: அறிகுறிகளைச் சந்தேகப்படுவது

குமிழி, நிறமாற்றம், சூடு, வெளிச்சம், வீழ்படிவு (கரைசலுக்குள் திரண்டு படியும் திண்மப்பொருள்), வாசனை என்று ஒரு பட்டியல் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. பட்டியலில் தவறில்லை. ஆனால் அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் வழுக்குகிறோம். இந்த அறிகுறிகள் எல்லாம் சாட்சிகள். பொய்ச்சாட்சியும் நடுவில் உண்டு.

குமிழியை எடுத்துக்கொள்வோம். கொதிக்கும் நீரில் வரும் பெரிய குமிழிக்குள் இருப்பது நீராவி. (சூடேறத் தொடங்கியதுமே பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிக் குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று, அவை கொதிநிலைக்கு வெகு முன்பே வந்துவிடும்.) அதே நீரில் சிறிது சலவை சோடாவைக் கரைத்து, இரண்டு கார்பன் தண்டுகளை வைத்து மின்சாரம் செலுத்தினாலும் குமிழி வரும். இங்கே ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். பார்வைக்கு இரண்டும் குமிழியே. செலவாகும் ஆற்றலைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2,260 ஜூல் போதும். ஒரு கிராம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கச் சுமார் 15,900 ஜூல் வேண்டும். மூலக்கூறுகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்குவது ஒரு வேலை. மூலக்கூறையே பிளப்பது அதைப்போல ஏழு மடங்கு வேலை.

நிறம் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். சாம்பல் கலந்த கறுப்பு அயோடின் படிகத்தைச் சூடாக்கினால் அழகான ஊதா ஆவி எழும். குளிர்ந்த கண்ணாடித் தட்டைக் காட்டினால் அதே கறுப்புப் படிகங்கள் அதில் ஒட்டும். நிறம் மாறியது, பொருள் மாறவில்லை. வெள்ளைத் துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகும், ஆறினால் வெளுக்கும். நீல மையையும் மஞ்சள் மையையும் கலந்தால் பச்சை. இதில் புதுப்பொருள் எதுவும் உருவாகவில்லை என்று நிரூபிக்க வடிதாள் துண்டு ஒன்று போதும். நீரில் கரையும் மையாக இருந்தால், தாளில் ஒரு புள்ளி வைத்து அதன் அடிநுனியை மட்டும் நீரில் நனையுங்கள். நீர் மேலேறும்போது நீலமும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும்.

சூடு, குளிர்ச்சி இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் கை வைத்துப் பாருங்கள்: பாத்திரம் குளிரும். வேதிவினை என்றாலே சூடு வரும் என்ற எண்ணத்துக்கு அது மறுப்பு. அம்மோனியம் நைட்ரேட்டு நீரில் கரையும்போதும் நன்றாகக் குளிரும். உடனடிக் குளிர்ப்பைகள் சிலவற்றில் வேலை செய்வது அதுதான். அங்கே நடப்பது கரைதல்; பள்ளிப் பாடம் அதை இயற்பியல் மாற்றம் என்றே சொல்லும்.

வெளிச்சத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மின்விளக்கின் டங்ஸ்டன் இழை சூட்டால் ஒளிர்கிறது, மின்சாரத்தை நிறுத்தினால் அதே டங்ஸ்டன். மின்மினிப் பூச்சியின் ஒளி வேதிவினையால் வருவது.

வீழ்படிவு ஓரளவு நம்பகமான சாட்சி. எப்சம் உப்புக் (மெக்னீசியம் சல்பேட்டு) கரைசலும் சலவை சோடாக் கரைசலும் தனித்தனியே தெளிவாக இருக்கும்; கலந்தவுடன் வெண்மையாகத் திரளும். அது இரண்டிலும் இல்லாத மெக்னீசியம் கார்பனேட்டு. ஆனால் உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த நீரில் ஆல்கஹாலை ஊற்றினாலும் வெள்ளையாகப் படியும். படிவது வெறும் உப்பு. ஆல்கஹால் வந்ததும் அதற்கு நீரில் இடமில்லாமல் போய்விட்டது, அவ்வளவே.

வாசனையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை மட்டும்: பாத்திரத்தில் மூக்கை வைக்காதீர்கள், கையால் விசிறி நுகருங்கள். சுவைத்து எதையும் சோதிக்கவே வேண்டாம். வீட்டிலிருக்கும் சுத்திகரிப்புத் திரவங்களை "என்ன ஆகும் பார்ப்போம்" என்று கலக்காதீர்கள். வெளுப்பானும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

மூன்றாவது: எளிய வழியில் மீட்டுப் பார்ப்பது

திரும்பப் பெறுவது அளவுகோல் இல்லை என்று சொல்லிவிட்டு மீட்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். எதைக் கொண்டு மீட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. வடிகட்டுதல், ஆவியாக்குதல், ஆறவைத்தல், காந்தத்தால் இழுத்தல் போன்ற, மூலக்கூறைத் தொடாத வழிகளில் பழைய பொருள் கிடைத்துவிட்டால் அது எங்கும் போகவில்லை என்று கொள்ளலாம்.

இதற்கு இரும்பும் கந்தகமும் நல்ல பாடம். இரும்புத்தூள் 7 கிராம், கந்தகத்தூள் 4 கிராம் எடுத்துத் தாளில் கலக்குங்கள். மஞ்சளும் சாம்பலும் கலந்த தூள் கிடைக்கும். தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் இரும்பு மட்டும் தலைதூக்கி ஊர்ந்து வரும். இதுவரை கலவைதான். அதே கலவையை ஆய்வகத்தில், புகைபோக்கிக்கு அடியில், சோதனைக் குழாயில் சூடாக்கினால் ஓரிடத்தில் செந்தணல் பற்றும். அடுப்பை எடுத்துவிட்டாலும் அந்தத் தணல் தானாகவே குழாய் முழுக்கப் பரவும். ஆறியபின் கிடைப்பது கறுத்த கட்டி. காந்தத்தைக் காட்டுங்கள், இரும்புத்தூள் பாய்ந்து வந்ததுபோல வராது. பெயர் இரும்பு சல்பைடு. 7க்கு 4 என்ற விகிதமும் காரணமில்லாமல் வந்ததன்று: இரும்பு அணுவின் நிறை 56, கந்தக அணுவின் நிறை 32. கலவையில் எதை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். அணுக்கள் பிணைந்து உருவான சேர்மத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். எரியும் கந்தகத்தின் புகை நெஞ்சை அடைக்கும்.

மயில்துத்தமும், அதாவது நீர் சேர்ந்த தாமிர சல்பேட்டும், இங்கே சேர வேண்டியது. நீலப் படிகத்தைச் சூடாக்கினால் நீராவியை விட்டுவிட்டு வெள்ளைப் பொடியாகும். ஒரு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும். கூடவே பொடி சூடாகும். நீர் விட்டாலே பழையபடி வந்துவிடுகிறதே என்று இதை இயற்பியல் மாற்றம் என எழுதுபவர்கள் ஏராளம். ஆனால் அந்த நீர் படிகத்தின் ஈரமன்று. தாமிர சல்பேட்டின் ஒவ்வோர் அலகுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் என்று கணக்காகப் பிணைந்திருந்தவை அவை. பிணைப்பு போனதும் நிறமும் போயிற்று. வேதியியல் மாற்றம் என்றே எழுதுங்கள்.

தராசு சொல்லும் கதை

எந்தச் சோதனைக்கும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வகை மாற்றத்திலும் மொத்த நிறை மாறாது என்பதால், தராசு நேரடியாகத் தீர்ப்புச் சொல்லாது. எங்கே என்ன போயிற்று, எங்கிருந்து என்ன வந்தது என்று காட்டிக்கொடுக்கும். எஃகுக் கம்பளியைக் கொளுத்தினால் எடை கூடும். எரிந்தால் குறையத்தானே வேண்டும் என்று கேட்பவருக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்ந்ததைத் தராசு காட்டுகிறது. பாரிஸில் வேதியியல் அறிஞர் அந்துவான் லவாய்சியர் 1774-ல் வெள்ளீயத்தை மூடிய கண்ணாடிக் கலத்தில் வைத்துச் சூடாக்கினார். கலத்தின் எடை மாறவில்லை. திறந்தபோது காற்று உள்ளே பாய்ந்தது, எடை கூடியது. உலோகம் எதைத் தின்றது என்பது அதிலிருந்தே தெரிந்தது.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். ஒரு லிட்டர் சோடா வரும் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் 30 மில்லி வினிகர் ஊற்றுங்கள். ஒரே ஒரு கிராம் சமையல் சோடாவை மெல்லிய தாளில் பொதிந்து, மூடியோடு சேர்த்து எல்லாவற்றையும் நிறுங்கள். பொதியை உள்ளே போட்டுச் சட்டென்று மூடிவிடுங்கள். நுரை அடங்கியபின் மறுபடி நிறுத்தால் அதே எடை. மூடியைத் திறந்து, குலுக்கி, உள்ளே இருக்கும் வாயுவை ஊதி வெளியேற்றிவிட்டு நிறுத்தால் அரை கிராம் போலக் குறையும். சோடாவின் அளவைக் கூட்டாதீர்கள். மூடிய போத்தலில் அழுத்தம் ஏறும்.

முதன்முறை நான் சோடாவையும் வினிகரையும் இதைவிட அதிகமாக எடுத்து, மூடிக்குப் பதிலாக பலூனை மாட்டிச் செய்தேன். எடை ஒரு கிராமுக்கு மேல் குறைந்தது. எங்கோ கசிகிறது என்று நினைத்து மூன்று பலூன்களை மாற்றினேன். கசிவே இல்லை. ஒரு லிட்டர் அளவுக்கு வீங்கிய பலூன் ஒரு லிட்டர் காற்றை விலக்குகிறது. அந்தக் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். நீரில் மூழ்கிய பொருளின் எடை குறைந்து தெரிவதுபோல, காற்றில் மூழ்கிய பலூனும் அந்த அளவுக்கு இலேசாகத் தெரிகிறது. தராசு பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

சண்டை வரும் இடங்கள்

உப்பு நீரில் கரைவது எந்த மாற்றம்? பள்ளிப் பாடத்தில் இயற்பியல் மாற்றம். தேர்வில் அப்படியே எழுதுங்கள். நீரை ஆவியாக்கினால் உப்பு கிடைக்கிறது என்பது காரணம். ஆனால் உப்புப் படிகத்தில் சோடியம், குளோரைடு அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) பிடித்து வைத்திருந்த பிணைப்பு நீரில் கலைந்துதானே போகிறது என்று வேதியியல் படித்தவர் கேட்டால், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லைக்கோட்டை நாம்தான் வரைந்தோம். பொருள்களுக்கு அது தெரியாது. சர்க்கரை கரையும்போது மூலக்கூறு உடையாததால் அங்கே இந்தச் சண்டை இல்லை. அதே சர்க்கரையைக் கரண்டியில் வைத்துக் காய்ச்சினால் உருகும்போதே பழுப்பாகி, பிறகு கரியாகும். உருகலும் சிதைவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடம் அது.

நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) இன்னும் சாமர்த்தியசாலி. சூடாக்கினால் உருகாமலே புகையாகி, குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் மீண்டும் வெள்ளையாகப் படியும். அயோடினைப் போலவே பதங்கமாதல் என்று தோன்றும். நடப்பதோ அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, மேலே போய் மறுபடி சேர்வது. ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயின் வாயில் பிடித்தால் விஷயம் வெளிப்படும். இலேசான அம்மோனியா முந்திக்கொண்டு வந்து தாளை நீலமாக்கிவிடும்.

சிமெண்ட் விஷயத்தில் நம் மொழியே நம்மை ஏமாற்றுகிறது. "சிமெண்ட் காய்ந்துவிட்டது" என்கிறோம். காய்வது என்றால் நீர் போவது. சிமெண்ட் இறுகுவது நீரோடு வினைபுரிந்து; ஆகவே நீருக்கடியிலும் இறுகும். களிமண்ணோ உண்மையிலேயே காய்கிறது, நீர் விட்டால் மறுபடி குழையும். சூளையில் சுட்டுவிட்டால் குழையாது.

கடைசியாக, ஒரு குவளை சுண்ணாம்பு நீர்

இதுவரை படித்ததை வைத்து நீங்களே துப்புத் துலக்க ஒன்று. சுண்ணாம்புக்கல் 100 கிராமைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 44 கிராம் கார்பன் டைஆக்சைடு பறந்து, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் 18 கிராம் நீர் சேர்த்து நீற்றினால் 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. கொதிக்கக் கொதிக்கச் சூடு கிளம்பும். கண்ணில் தெறித்தால் பார்வை போகும் என்பதால், நீற்றும் வேலையைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டதும் காற்றிலிருந்து மெல்ல மெல்ல 44 கிராம் கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு, 18 கிராம் நீரை விட்டுவிட்டு, மறுபடியும் 100 கிராம் சுண்ணாம்புக்கல்லாகிறது. மூன்று வேதியியல் மாற்றங்கள். முடிவில் தொடங்கிய இடம்.

இதன் கடைசிக் கட்டத்தைக் குவளையிலேயே பார்க்கலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழாய் வழியாக மெல்ல ஊதுங்கள். உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால்போலக் கலங்கும். பெரும்பாலானோர் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்த வேண்டாம்; பொறுமையாக ஊதிக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் கலங்கல் குறையத் தொடங்கும், போதுமான அளவு ஊதினால் தெளிந்தும்விடும். வெள்ளைத் தூள் கரைந்துவிட்டது, ஆகவே இயற்பியல் மாற்றம் என்று எழுதத் தோன்றுகிறதா? தெளிந்த நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்கவையுங்கள். குமிழி விடும், கலங்கல் திரும்பி வரும். வரும் குமிழிகளில் எது நீராவி, எது வேறு வாயு என்று யோசியுங்கள். பிறகு அந்த வெள்ளைத் தூளை வடிகட்டி உலர்த்தி, ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்.